மாமிக்கு எடுத்த சேலை

சியாங் மாய், தாய்லாந்து
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானுக்குச் சீனி குறைந்ததா என்று எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். என்ன செய்ய? ஹரோவில் உங்கள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் வாய் திறந்தால் பின்னால் அத்தானின் செய்தி ஓடும், மேனுஷா இந்த வயதிலும் நடுவில் புகுந்து "மாமா, அங்க யானை இருக்கோ?" என்பாள். போன ஞாயிறு நீங்கள் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். பிறகும் அதையே கேட்டீர்கள். ஸ்பீக்கரில் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

வீடு சின்னது, ஆனால் வெளிச்சமானது. ஐம்பது தாண்டியவர்களுக்குக் கொடுக்கிற விசாவில் வந்திருக்கிறோம். கீழே நூடில்ஸ் விற்கிற ஓர் அம்மா இருக்கிறார். முதல் நாள் இறங்கிப் போனோம். எங்களைப் பார்த்தார், ஒரே மேசையில் இரண்டு கிண்ணம் வைத்தார், அவ்வளவுதான். சொந்தமா, சிநேகிதமா, பெண்சாதி எங்கே என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு அந்த மேசையில் அழுகை வந்துவிட்டது, அக்கா. காரம் என்று சமாளித்தேன்.

ஸ்ட்ரெதமில் பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். மீன்கடைக்குப் போனால் நான் உள்ளே, கொட்வின் வாசலில், யாரோ எவரோ மாதிரி. தமிழ்ச் சனம் வருகிற கடை அல்லவா? லண்டனில் எனக்கு வேலை களைப்பாக இருக்கவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து நடந்ததுதான் களைப்பு.

டிசம்பரில் நத்தாருக்கு வந்தபோது உங்கள் குசினியில் வைத்து, "கொட்வின் எனக்குச் சிநேகிதன் மட்டும் இல்லை அக்கா, அவர்தான் என்ர துணை" என்று சொன்னேன். நீங்கள் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினீர்கள். கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை. அது எனக்கு விளங்கவில்லை. நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

கொட்வின் உங்களைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னார்.

அன்புத் தம்பி,
நிரூபன்

ஹரோ, லண்டன்
3 மார்ச் 2025

அன்புத் தம்பி நிரூபனுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் படியேறும்போது மட்டும் என்னை நினைக்கிறது. அத்தானுக்குச் சீனி குறையவில்லை, கள்ளமாகச் சாப்பிடுவதும் குறையவில்லை. உன் எழுத்து இன்னும் கோழி கிளறினது மாதிரித்தான் இருக்கிறது. என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட வடிவாக எழுதுவார்கள்.

பெரிய செய்தி ஒன்று. மேனுஷாவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை அர்ஜுன், அவளோடு வேலை செய்கிற பெடியன். அவர்களே பார்த்துக்கொண்டார்கள், நாங்கள் குறிப்புப் பார்த்தது போல நடித்தோம். ஸ்ட்ரெதம் ஆட்கள். தாய் ரஜனி நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் மண்டபம் எடுத்தாயிற்று, ஓகஸ்ட் 31.

மேனுஷா ஒரே பிடியாக நிற்கிறாள், மாமா வரவேண்டுமாம். கலியாணத்தன்று விடிய, பொம்பிளையைக் குளிக்க வார்க்கும் முன் தலையில் பால் அறுகு வைப்பது உனக்கு நினைவிருக்கும். பாலில் தோய்த்த அறுகம்புல். முதல் ஆள் தாய்மாமன்தான். சோடி சோடியாக நின்று வைப்பது வழக்கம், தம்பி தனி ஆளாயிற்றே என்று அத்தானின் தமக்கை இழுத்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்கென்று நிற்க நீ ஒருவன்தான். ஆகவே வா. வெயிலில் அதிகம் திரியாதே.

அன்பு அக்கா,
தவநாயகி

சியாங் மாய்
25 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலியாணச் செய்தி வந்த நாளிலிருந்து நாங்கள் நல்ல சுகம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் வாழ்த்து. மேனுஷாவைப் பிறந்த அன்று கையில் வாங்கினவன் நான், என் கையால் பால் அறுகு வைக்காமல் வேறு யார் வைப்பது?

இங்கே இப்போது புகைக்காலம். சுற்றிவர வயலும் காடும் எரிக்கிறார்கள், மலை இருந்த இடமே தெரியவில்லை. சாளரம் பூட்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு இருக்கிறோம். கொட்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். "சொர்க்கத்துக்கு வந்தம் எண்டு பாத்தா இது பக்கத்து வீடு போல இருக்கு" என்று சொல்லிச் சிரித்து, சிரித்ததால் இன்னும் இருமினார். சொர்க்கம் என்று நான் நினைத்து வரவில்லை. ஆனாலும் களைப்பு விமானத்தில் கூடவே வரும் என்று தெரியாமல் போயிற்று.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கட்டுமா? நானும் கொட்வினும். மேடையில் ஏற்றச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு கதிரை, அதுவும் என் பக்கத்தில். இனி வாசலில் நிற்க அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது.

வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு எழுதுங்கள்.

அன்புடன்,
நிரூபன்

ஹரோ
30 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். புகையில் வெளியே திரியாமல் சுடுதண்ணீர் குடி. பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்காதே. சித்திரைப் பிறப்புக்கு ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்வித்தேன். பூசை முடிய மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள்.

கலியாண வேலை தலைக்கு மேல். மேனுஷாவுக்குப் பிளவுஸ் இரண்டு தரம் தைத்தும் பிழையாகிவிட்டது. சமையல்காரர் மரக்கறி பதினொன்று என்கிறார், அத்தான் ஒன்பது போதும் என்கிறார், இருவரும் கதைக்காமல் இருக்கிறார்கள். மண்டபத்தில் இடமும் மட்டுமட்டுத்தான்.

நீ உனக்கு டிக்கெட் எடு. நேரத்துக்கே எடுத்தால் நல்லது.

உனக்கு ஒரு பார்சல் வரும். நான் அனுப்பவில்லை, விலாசம் மட்டும் கொடுத்தேன். கண்டவுடன் கோபப்படாதே.

அக்கா

சியாங் மாய்
16 மே 2025

அக்கா,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

பார்சல் வந்தது. மாம்பழ மஞ்சள் நிறக் காஞ்சிபுரம் சேலை, அரக்குக் கரை. மேலே ஒரு அட்டை: "எங்கள் அன்பு மாமிக்கு, கலியாணத்துக்குக் கட்டிக்கொண்டு வாங்கோ. ரஜனி குடும்பம்."

எந்த மாமி?

நிரூபன்

ஹரோ
2 ஜூன் 2025

என் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் சுகமில்லை. நீ நலமாக இருக்கவேண்டும்.

கோவிலில் வைத்து நடந்தது. பிரசாதம் வாங்க நிற்கிறோம், சுற்றிவரச் சனம், அத்தானின் தமக்கை பக்கத்தில். ரஜனி சும்மாதான் கேட்டார்: "உங்கட தம்பி தாய்லாந்தில தனியவோ இருக்கிறார்?" எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்! படிக்கிறான், வீடு வாங்கட்டும், செவ்வாய் தோஷம், மனமில்லை. என்னிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. "இல்லை, அங்க ஒரு பிள்ளையைக் கட்டிட்டான்" என்று வந்துவிட்டது. ரஜனி ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, "அப்பிடியோ" என்றார். அடுத்த கிழமை விலாசம் கேட்டு வந்துவிட்டார். முறைக்குரிய மாமிக்குச் சேலை எடுக்காமல் விடமாட்டாராம்.

இனி இதை எப்படித் திருப்புவது? தம்பி, நீ தனியே வா. மனுஷிக்கு விசா கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சனம் நம்பும். ஒரு நாள்தானே. பிள்ளையின் நல்ல காரியம். எனக்காக இதைச் செய்.

அக்கா

சியாங் மாய்
19 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மனம் சுகப்படவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். கோபத்தில் எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இது களைப்பில் எழுதுவது.

கடிதத்தைக் கொட்வினுக்கு வாசித்துக் காட்டினேன். மறைக்க ஏலாது, சேலை கதிரையில் கிடந்தது. "விசா கிடைக்காத பொம்பிளை நானோ?" என்று கேட்டார். பிறகு சேலையை மடிப்புக் குலையாமல் மடித்து, அட்டையோடு பெட்டிக்குள் வைத்தார். "நல்ல நிறம், பாவம் அந்த மனுஷி விரும்பி எடுத்திருக்கிறா" என்றார்.

உங்களுக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தபோது, தன் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்து உங்களைத் தாங்கி நடக்கப் பழக்கினவர் யார்? அத்தான் கூடப் பயந்து கதவடியில் நின்றார். "தங்கமான பிள்ளை" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னீர்கள். உங்கள் மேசையில் கூழ் குடித்த மனிதர் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தார். இப்போது நான் எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றிலும் இருக்கிறார், நீங்கள் எழுதுகிற எதிலும் இல்லை. அவருடைய இடத்தில் பிறக்காத ஒரு பெண்ணை இருத்தி, அவளுக்குச் சேலையும் எடுத்தாயிற்று.

ஒரு நாள்தானே என்கிறீர்கள். என் ஐம்பத்தொரு வயதும் அப்படி ஒவ்வொரு நாளாகத்தான் போனது, அக்கா.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வருடத்திலிருந்து இந்த நாட்டில் ஆண்கள் இருவர் கலியாணப் பதிவு செய்யலாம். லண்டனில் அது எப்போதோ வந்துவிட்டது. யாராவது கண்டு ஹரோவுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அங்கே செய்யவில்லை. போன வாரம் இங்கே மாவட்ட அலுவலகத்தில் பதிந்தோம். நூடில்ஸ் அம்மாவும் அவருடைய மகளும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். பதிந்து முடிய அந்த அம்மா எங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். எனக்கு நீங்கள் நின்றிருக்கவேண்டும் போல இருந்தது.

நான் கலியாணத்துக்கு வரவில்லை. மேனுஷாவிடம் எனக்கு வேலை என்று சொல்லுங்கள். உங்களுக்கு இன்னுமொரு பொய் தருவதற்கு மன்னியுங்கள். சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கொட்வின் உங்களைச் சுகம் கேட்டார். இன்றும் கேட்டார்.

நிரூபன்

ஹரோ
24 ஜூலை 2025

என் அன்புத் தம்பிக்கு,

நீயும் கொட்வினும் சுகமா? கொட்வினின் இருமல் நின்றதா? நெஞ்சை ஒருக்கால் டொக்டரிடம் காட்டச் சொல். அவர் மற்றவருக்குத்தான் வைத்தியம் பார்ப்பார், தனக்குப் பார்க்கமாட்டார்.

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் போய்த்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு பேனை எடுக்கவே முடியவில்லை. ஒரு மாதமாக அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறேன், என்னால் ஒன்று எழுத முடியவில்லை. உன் கையில் நூல் கட்டியது யாரோ ஒரு நூடில்ஸ்கார அம்மா என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அது நான் கட்டவேண்டிய நூல்.

போன ஞாயிறு மேனுஷாவுக்குத் தாலிக்கொடி காட்ட ரஜனி வந்திருந்தார். உன் பார்சல் திறந்தபடி மேசையில் கிடந்தது. உரிய நேரத்தில் கொடுப்போம் என்று வைத்திருந்தேன், அந்த நேரம் வரவே இல்லை. ரஜனி தன் கையெழுத்தில் இருந்த அட்டையைக் கண்டுவிட்டார். "என்ன, சேலை பிடிக்கேல்லையோ?" என்றார். விசா கதை நாக்கு நுனி வரை வந்தது. அப்போது உன்னுடைய 'பிறக்காத பெண்' ஞாபகம் வந்தது. குசினியில் குழாய் பக்கத்தில்தான் நின்றேன், தம்பி. திறக்கவில்லை.

"நான் பொய் சொல்லிட்டன் ரஜனி. அவனுக்கு மனுஷி இல்லை. கொட்வின் எண்டு ஒருத்தர். ரெண்டு பேரும் பதிஞ்சிட்டினம்" என்றேன். அத்தான் செய்தியை நிறுத்திவிட்டார். கலியாணம் குழம்பிப் போகும் என்றுதான் நினைத்தேன்.

ரஜனி கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்குத் தெரியும் அக்கா. எத்தினை வருஷமா அவையை மீன்கடையில பாக்கிறன். உங்கட வீட்டுப் படத்தில கண்டதுமே ஆளைத் தெரிஞ்சிட்டுது. உங்கட தம்பி உள்ள நிண்டு மீனைத் தூக்கிக் காட்டுவார். மற்றவர் வாசல்ல, தெரியாத ஆள் மாதிரித்தான் நிப்பார். ஆனா அவர் தலையாட்டினாத்தான் மீன் வெட்டுப்படும். நாங்கள் கடைக்குள்ள இதைக் கண்டு எங்களுக்குள்ள சிரிப்பம். நீங்கள் கோவிலில அங்க ஒரு பிள்ளையைக் கட்டிட்டான் எண்டதும், ஐயோ ரெண்டு பேரும் பிரிஞ்சு போட்டினமாக்கும் எண்டு எனக்கு ஒரு கிழமை நித்திரை இல்லை. வந்த பிள்ளையாவது நல்லா இருக்கட்டும் எண்டுதான் அந்தச் சேலையை எடுத்தன்."

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் மட்டும் இல்லை. இத்தனை வருடம் நீங்கள் இருவரும் வாசலிலும் கடையிலுமாகப் பிரிந்து நின்றதும், நான் ஊர்வாயை மூடப் பொய் தேடியதும் யாருக்காக? அந்தச் சனத்தில் பாதிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இப்படி வீணாகக் களைத்திருக்கிறோமே, தம்பி.

அன்று நான் கோப்பை கழுவினது ஏன் என்று கேட்டாய். எனக்கு நீ சொன்னது முன்பே தெரியும். தெரியும் என்று சொன்னால், இத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தீர்களா என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்தேன்.

பொய் சொல்லி உங்களை அழைக்கமாட்டேன். அத்தான் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறார். மண்டபத்தில் உங்களோடு கதைக்காமல் விட்டாலும் விடுவார். அவருடைய தமக்கை வரமாட்டேன் என்றிருக்கிறார், அவருக்கு ஒதுக்கிய கதிரை இருக்கிறது. மேனுஷாவிடம் எல்லாம் சொன்னேன். "அதுக்கென்ன அம்மா, சோடியாத்தானே வைக்க வேணும் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்று கேட்டுவிட்டுத் தன் போனைப் பார்க்கப் போய்விட்டாள். கொட்வின் வேதக்காரர், கிறிஸ்தவர் பால் அறுகு வைக்கலாமா என்று ஐயரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால்தானே ஏலாது என்பார்.

சேலையை ரஜனி கடைக்குக் கொண்டு போய் மாற்றிவிட்டார். பட்டு வேட்டியும் சட்டைத் துணியும் எடுத்திருக்கிறார், தையல்காரர் அளவுக்குக் காத்திருக்கிறார். உன்னுடைய அளவு எனக்குத் தெரியும். கொட்வினுக்குக் கழுத்து எத்தனை அங்குலம்? கெதியாக எழுது.

உங்கள் அக்கா,
தவநாயகி

சியாங் மாய்
5 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் குறைந்துவிட்டது, டொக்டரிடமும் காட்டினேன். முழங்காலுக்குப் பயிற்சி விடாமல் செய்யுங்கள், படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள்.

நிரூபன்தான் எழுதவேண்டும். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாளரத்தடியில் இருக்கிறார். மூன்றாம் தரமும் வாசித்துவிட்டு, "நீரே எழுதும், உம்மைத்தானே கேட்டிருக்கிறா" என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன், உங்களுக்கு ஒரு வரி எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் திருத்துங்கள்.

அவர் இன்னும் கொஞ்சம் பயந்துதான் இருக்கிறார். நானும்தான். அத்தான் கதைக்காவிட்டால் பரவாயில்லை, வணக்கம் சொல்லிவிட்டு நான் என் கதிரையில் இருப்பேன். டிக்கெட் இரண்டு எடுத்தாயிற்று.

கழுத்து பதினாறரை. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள், நூடில்ஸ் அம்மாவின் கைவேலை.

கொட்வின்